தொத்தாத திக்கு

ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவனுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் ஊமைக்கோட்டான். அவன் ஊமையில்லை, வாய் திக்கும், அவ்வளவுதான். 'ப' என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். 'க' என்றால் தொண்டையில் முள் மாட்டியது போல நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, தலையசைத்தால் முடிகிற காரியத்துக்கு வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டான்.

அவன் மனைவி துணிக்கடையில் விற்பனைக்காரி. வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். அவன் ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. ஆள் சிறிசு என்பதால் வீட்டில் கடுகு. விடிவதற்கு முன்னே வேலைக்குப் போகிறவன் ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவான். அவன் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு அவள் கிளம்பினால், வீடு திரும்ப ஏழாகிவிடும். அதுவரைக்கும் கடுகு அப்பா பிள்ளை. குளிப்பாட்டுவான், ஊட்டுவான், தூங்கும்போது பார்த்து நகம் வெட்டுவான். பேச்சு மட்டும் கிடையாது. அதற்கு டிவியைப் போட்டுவிடுவான். செய்தி வாசிக்கிற பெண் தங்குதடையில்லாமல் பேசுகிறாளே, பிள்ளை அதைக் கேட்டு வளரட்டும் என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

ஒன்றரை வயதுப் பரிசோதனைக்கு மூவரும் போனார்கள். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்த சின்ன வயது நர்ஸ், "எத்தனை வார்த்தை சொல்றா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். அப்பா மாதிரி, அமைதி" என்றாள் விற்பனைக்காரி.

காதைச் சோதித்தார்கள். நன்றாகவே கேட்டது. நர்ஸ் ஒரு நாய் பொம்மையை நீட்டினாள். கடுகு வாங்கிக்கொண்டாள், கொடுத்தவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பகல்ல யார் கூட இருக்கா?"

அவன் பள்ளிப் பையன் மாதிரி கையைத் தூக்கினான்.

"அவகிட்ட என்னண்ணா பேசுவீங்க?"

மனைவி வாயெடுத்தாள். "அவரே சொல்லட்டும்மா" என்று நர்ஸ் தடுத்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

"பே... பே... பேசறதில்ல. எ... என் திக்கு அ... அவளுக்கு ஒட்டிக்கும்."

மனைவி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். 'பெத்த பிள்ளைகிட்டக்கூட வாயைத் திறக்க முடியாதா' என்று எத்தனை நாள் அவனோடு மல்லுக்கு நின்றிருப்பாள்! சோம்பேறித்தனம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"திக்கு என்ன சளியாண்ணா, தொத்துறதுக்கு?" என்றாள் நர்ஸ். "குடும்ப வாகுல சிலருக்கு வரலாம், இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க பேசறதைக் கேட்டு வராது. பேசாம இருந்தாத்தான் நஷ்டம். அவ ஒரு சத்தம் போடணும், நீங்க பதிலுக்கு ஒண்ணு சொல்லணும். இந்த வயசுல மூளை வளர்றதுக்கு அந்தக் கொடுக்கல் வாங்கல் ரொம்ப முக்கியம். டிவி பதில் சொல்லுமா?"

"த... தப்பா பேசினா?"

"உங்க பொண்ணு மார்க்கா போடப் போறா? மூணு மாசம் பேசிப் பாருங்க. தேறலேன்னா பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பறேன்."

மறுநாள் டிவியை நிறுத்தினான். வீடு வெறிச்சென்று ஆனது. தரையில் குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தவனுக்கு என்ன பேசுவதென்றே விளங்கவில்லை. கடுகு கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினாள். அவனும் தட்டினான். அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினாள்.

"ப... ப்ப்ப்ப்..." உதடு ஒட்டிக்கொண்டது. இந்த இடத்தில் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் சொல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். கடுகு கண் கொட்டாமல் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "...பாப்பா!" என்று ஒருவழியாக வந்ததும், வயிறு குலுங்கச் சிரித்தாள். அவன் இன்னொரு தடவை சொன்னான். அதற்கும் சிரிப்பு.

நாலாம் நாள் குளிப்பாட்டும்போது அவள் தண்ணீரை அடித்துக்கொண்டே, "பப்பப்பப்பா" என்றாள்.

அவன் சொம்பை அப்படியே போட்டான். குழந்தையைத் துண்டோடு வாரிக்கொண்டு ஓடி வந்து மனைவிக்குப் போன் செய்தான். போனென்றாலே காத தூரம் ஓடுகிறவன்.

"ஒ... ஒ... ஒட்டிக்கிச்சு!"

"என்னங்க ஒட்டிக்கிச்சு?"

அவன் போனைக் கடுகின் வாயருகில் பிடித்தான். "பப்பப்பா."

துணி அளந்துகொண்டிருந்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "அட மக்கு மனுஷா! பேச ஆரம்பிக்கிற பிள்ளை எல்லாமே இப்படித்தாங்க உளறும்! திக்குமில்ல, திசையுமில்ல!" என்று சிரித்தாள். "சொல்லச் சொல்லுங்க, இன்னொரு தடவை கேக்கறேன்."

அதற்குப் பிறகு அவன் கண்ணில் பட்டதையெல்லாம் கடுகுக்குச் சொன்னான்: காலுறை, வெங்காயம், ஜன்னலில் தெரிகிற பஸ். நாக்கு ஒரேயடியாகச் சண்டித்தனம் பண்ணுகிற நாட்களில் சீட்டியடித்தான். அவளும் உதட்டைக் குவித்து ஊதினாள். பெரும்பாடு பட்டவள் மனைவிதான். அவன் சொல்லில் நிற்கும்போதெல்லாம் மீதியைச் சொல்லாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாதி நாள் தோற்றும் போனாள்.

மூன்று மாதம் கழித்து நர்ஸ் எண்ணியபோது பதினான்கு சொல் தேறியது. "இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கா. ஆனா பாருங்க, என் முகத்தையே பார்க்கறா! பயிற்சிக்கு இப்ப அவசரம் இல்ல. மறுபடி வந்து காட்டுங்க" என்றாள்.

அவன் ஒரு கேள்வி கேட்டான். கேட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மனைவி இரண்டு கையையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பி... பின்னாடி அவளுக்குத் தி... திக்கு வந்துட்டா?"

"உடனே கூட்டிட்டு வாங்க, ஆரம்பத்துலயே பார்த்துக்கலாம். வீட்டுல, அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருங்க. அது எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமாண்ணா?"

திரும்பும்போது பஸ்ஸில் கடுகு அவன் மடியில் நின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகக் கையை நீட்டினாள். அவன் திக்கித் திக்கிப் பெயர் சொன்னான். இறங்கும் வரைக்கும் விற்பனைக்காரிக்கு நடுவில் ஒரு சொல் நுழைக்க இடம் கிடைக்கவில்லை.