பார்க்கப் போகும் போத்தல்

ஜீவராஜ் பதினொரு வருடம் வேலை பார்த்த தீவை ஒரு சுற்று நடந்து வரப் பதினாறு நிமிடம் ஆகும். வீட்டு ஞாபகம் வரும் நாட்களில் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவான். மாலைதீவில் இருந்த அந்த விடுதியில், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பானம் கலந்து கொடுப்பதுதான் அவன் உத்தியோகம். மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்த தாய்க்கும், செடிகளைக் கவ்வாத்து வெட்டிய தகப்பனுக்கும் பிறந்தவன், தான் ஒரு சொட்டும் குடிக்காமல், நூற்று எண்பது வகைக் கலவைகளைக் கற்று வைத்திருந்தான். வருடத்துக்கு ஒரு மாதம் லீவு.

கடைசி லீவில் வந்தபோது மகள் கஜனி தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டு வந்தாள். "உக்காருங்க, அம்மா இப்ப வந்துருவாங்க" என்றாள். வீட்டுக்கு வந்த வேற்றாளிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினாள். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. ஜீவராஜ் தண்ணீரைக் குடித்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றான். பிறகு தீவுக்குத் திரும்பிப் போனவனால் அங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை. மூன்றே மாதத்தில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

விடுதி மேலாளர் நல்ல மனுஷன். ஜூன் முப்பது வரைக்கும் உன் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். ஜீவராஜும் அதற்குத் தோதாக ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தான். சொந்தமாகப் பானம் போட்டு விற்பது, ஜூன் முடிவதற்குள் வியாபாரம் ஓடினால் வீட்டோடு இருப்பது, ஓடாவிட்டால் தீவுக்கே போய்விடுவது. மனைவி நிஷாந்தியிடம் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னான். அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். யார் என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுப் பழகியவள். "சரிங்க" என்றாள்.

பானம் என்று பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. தேயிலைச் சாயம், பச்சை இஞ்சிச் சாறு, எலுமிச்சை, சீனி. கொதிக்க வைத்தால் இஞ்சியின் வாசம் போய்விடும் என்று சாற்றை அப்படியே சேர்த்தான். தீவில் அப்படித்தான் செய்தார்கள். அங்கே காலையில் கலந்தது மாலைக்குள் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு போத்தலில் நடந்தது. விடுதியில் விலை உயர்ந்த பானங்கள் எப்படி வருமோ அப்படியே இதுவும் இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கறுப்புக் கண்ணாடிப் போத்தல், தக்கை, தக்கைக்கு மேல் கம்பி, கம்பிக்கு மேல் தங்க நிறத் தாள், கழுத்தில் சிவப்பு ரிப்பன். ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே இலக்கம் எழுதினான். "நன்கு குளிரவைத்து அருந்தவும்" என்று வேறு அச்சடித்தான். டிக்கோயாவில் அப்போது ஜனம் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடை வைத்திருக்கும் செல்லசாமி இருபது போத்தல் வாங்கி முன் தட்டில் அடுக்கினார். இரண்டு நாளில் தீர்ந்தது. நாற்பது கேட்டார். பிறகு அறுபது. ஆறு வாரத்தில் இருநூற்று நாற்பது போத்தல் போய்விட்டது. அந்த ஆறு வாரமும் ஜீவராஜ் தெருவில் நடந்த நடையே வேறு.

ஏழாவது வாரம் ஒன்றும் போகவில்லை. எட்டாவது வாரமும் அப்படியே.

"சனத்துக்குப் புடிச்சிருக்கா இல்லியா, அண்ணே?" என்று செல்லசாமியிடம் கேட்டான்.

"புடிக்காமயா தம்பி அம்புட்டும் வாங்குனாங்க? எல்லாரும் நல்ல சாமான்னு தான் சொல்றாங்க."

"அப்ப ஏன் திரும்ப வாங்க வரல?"

"இன்னும் கையில இருக்கும்போல" என்றார் செல்லசாமி.

என்ன நடக்கிறது என்பது மே மாதத்தில் தெரிந்தது. மழையில் வழுக்கி விழுந்து ஜீவராஜுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தவனைப் பார்க்க வட்டகொடையிலிருந்து சித்தப்பா மகன் சின்னத்தம்பி வந்தான். வெறுங்கையோடு வரவில்லை. சிவப்பு ரிப்பன் கட்டிய போத்தலை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான். பதினேழாம் இலக்கம்.

"இது யார் போட்டதுன்னு தெரியுமாடா?"

"தெரியலண்ணே. நல்ல கம்பெனி சாமான் மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுல சும்மாதான் இருந்துச்சு, அதான் கொண்டாந்தேன்."

போத்தலின் அடியில் தோட்டத்தின் பேரும் இவனுடைய பேரும் பொடி எழுத்தில் இருந்தன. சின்னத்தம்பி அவ்வளவு தூரம் படிக்கிற ஆளில்லை. ஜீவராஜுக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. படுத்தபடியே போனில் விசாரித்தான். செல்லசாமி கடையில் அந்தப் போத்தலை வாங்கியவர் சிவபாதம் மாஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பிக்கிறவர். அவர் அதை ஆஸ்பத்திரியில் இருந்த சக ஆசிரியையின் தாயாருக்குக் கொண்டு போனார். அந்த அம்மா சுகமாகி வீட்டுக்குப் போனதும், ராகலையில் பேரப்பிள்ளை பார்க்கப் போனபோது கையோடு எடுத்துப் போனார். ராகலைக்காரர்கள் வட்டகொடையில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரைப் பார்க்க வந்தார்கள். அவர் சின்னத்தம்பியின் மாமனார். தங்கத் தாளில் ஒரு கீறல்கூட விழாமல் போத்தல் மலைநாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அவன் குடிப்பதற்கு ஒரு பானம் செய்ய நினைத்து, நோயாளி பார்க்கக் கொண்டு போகும் சாமானைச் செய்து வைத்திருந்தான். அதை உடைத்துக் குடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஊரில் விழுகிற நோயாளிகளுக்கும் பிறக்கிற பிள்ளைகளுக்கும் இருநூற்று நாற்பது போத்தலே தாராளமாகப் போதும்.

அடுத்த வாரம் டிக்கோயாவில் ஒரு வீட்டில் அலுமாரிக்கு மேல் இருந்த போத்தல் வெடித்தது. பட்டப்பகல். காஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று வீட்டிலிருந்த எல்லாரும் தேயிலைக்குள் ஓடிப் போய் நின்றார்கள். யாருக்கும் காயமில்லை. தங்கத் தாள் மட்டும் சோற்றுப் பானையில் கிடந்தது. கொதிக்க வைக்காத இஞ்சி உள்ளுக்குள்ளேயே புளித்துப் பொங்கியிருக்கிறது என்று ஜீவராஜுக்குப் புரிந்தது. பயந்துபோனான். நொண்டிக்கொண்டே பஸ் ஏறி, போத்தல்களைத் தேடி வீடு வீடாகக் கிளம்பினான்.

டிக்கோயாவில் ராசம்மா என்ற மூதாட்டியின் வீட்டில் மூன்று இருந்தன.

"குடிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"அதெப்புடிங்க குடிக்கிறது? பாக்க வந்தவங்க கொண்டாந்ததாச்சே. நாளைக்கி நம்ம ஒருத்தரப் பாக்கப் போகணும்னா கைய வீசிக்கிட்டா போறது?"

"ருசி எப்படின்னு தெரியாதா?"

"நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

"யாரு?"

"கொண்டாந்தவங்க."

"அவங்க குடிச்சாங்களா?"

"அவங்க எதுக்குத் தம்பி குடிக்கணும்? அவங்க சொகமாத்தான இருக்காங்க."

மூன்றையும் சாக்கில் போட்டான். புதன்கிழமை மருமகளின் அண்ணியைப் பார்க்கப் போக வேண்டும் என்றும், ஒன்றையாவது விட்டுவிட்டுப் போகும்படியும் ராசம்மா கேட்டார். வெடிக்கும் என்று விளக்கினான். "புதன்கெழம வரைக்கும் தாங்காதா?" என்றார்.

மூன்று வாரம் அலைந்து அநேகமாக எல்லாவற்றையும் சேர்த்துவிட்டான். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, ஒவ்வொன்றாகக் கம்பியைத் தளர்த்தி ஊற்றினான். அத்தனையில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. நன்றாக இல்லை என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சனத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. திறந்து ஒரு வாய் குடித்துப் பார்க்க என்ன கேடு?

ஜூன் இருபத்தெட்டாம் தேதி பின்னேரம், நிஷாந்தி வேலை முடிந்து வந்தபோது அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலாளருக்கு அனுப்ப வேண்டியதை எழுதி முடித்திருந்தான். அனுப்பவில்லை.

"வர்றேன்னு அனுப்பப் போறேன்" என்றான். "இங்க ஓடல."

"சரிங்க" என்றாள். ஈரக் குடையை விரித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சேலைகள் வைக்கும் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு போத்தல் இருந்தது. மூன்றாம் இலக்கம்.

"இதையும் ஊத்திருங்க. துணிக்குள்ள வெடிச்சிறப் போகுது."

ஜனவரியில் முதன்முதலாகப் போட்டபோது குடித்துப் பார் என்று அவளுக்குக் கொடுத்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள்.

"நீயும் குடிக்கலியா?"

"இல்லீங்க."

"நீயுமா நிஷாந்தி? நீ எதுக்கு எடுத்து வச்ச?"

அவள் மறைக்கவில்லை. "நீங்க திரும்பப் போனா நாலு பேரு விசாரிக்க வருவாங்க. ஏன் போயிட்டாரு, என்னா ஆச்சுன்னு கேப்பாங்க. வந்தவங்களுக்கு ஊத்திக் குடுக்க வீட்டுல ஒண்ணு இருக்கணும்ல."

"ஜனவரியிலயேவா?"

"ஆமாங்க."

ஒரு போத்தல்கூட விற்காத நாளிலேயே அவள் அவனை வழியனுப்பி வைத்துவிட்டாள். ஊர்க்காரர்கள் மேல் ஜீவராஜுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அவளுக்கு முன்னால் இரண்டையும் மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்குப் போக இஷ்டமில்ல" என்றான்.

"அத எங்கிட்ட எப்ப சொன்னீங்க? யாவாரம் ஓடுனா இருப்பேன், ஓடலன்னா போவேன்னுதான் சொன்னீங்க. நான் எத நம்பி இருக்கிறது? இஞ்சித் தண்ணியவா?"

அவன் போனில் எழுதியிருந்ததை அழித்தான். வரவில்லை, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுங்கள் என்று எழுதினான். அனுப்பிவிட்டு அவளிடம் நீட்டினான். நிஷாந்தி வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் போய் இரண்டு கிளாஸ் கொண்டு வந்தாள்.

"தொறங்க" என்றாள்.

"கெட்டுப் போச்சு."

"பரவால்ல. தொறங்க."

வாசலில் நின்று, போத்தலைத் துவாயால் சுற்றிக் கம்பியைத் தளர்த்தினான். தக்கை பறந்து தேயிலைக்குள் போய் விழுந்தது. பாதிப் பானம் நுரைத்து மழையோடு போனது. மிஞ்சியதைப் பங்கிட்டு ஊற்றினான். அவன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான். அவள் கிளாஸைக் கீழே வைக்காமல் முழுவதையும் குடித்து முடித்தாள்.

"அடுத்த கெழம போடுறப்ப இஞ்சியக் கொதிக்க வைங்க" என்றாள்.

அவன் ஊரோடு வந்து ஆறு மாதம் ஆகிறது. அடுத்த வாரத்தைப் பற்றி அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்று ஜீவராஜ் கேட்டான்.