ரொட்டி மேசையின் எதிர்ப்பக்கம்

ஈரத்துண்டு காற்றில் முழு வட்டமாக விரிந்து மேசைமேல் பட்டென்று விழுந்தது. நம்ப முடியாமல் மறுபடி வீசினேன். மறுபடியும் வட்டம். மூன்றாவது தடவை வீசுவதற்குள் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் அவர் வீட்டுக் கூரையை இடித்தார். அதாவது என் வீட்டுத் தரையை.

ஃபேக்டரியில் என்னோடு நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் எல்லாம் படுத்துத் தூங்கும் நேரம் அது. நான் சமையலறையில் ரொட்டி சானாய் என்கிற எங்கள் ஊர்ப் பரோட்டாவை வீசப் பழகிக்கொண்டிருந்தேன். மாவு வீணாகாமலிருக்க முதலில் துண்டில்தான் பழக வேண்டும் என்பது சாஜன் மாஸ்டரின் பாடம். அவர் கொச்சியில் இருக்கிறார். நான் பினாங்கில். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது என் கைப்பேசி மட்டும்தான்.

"ரூபினிக்கா, கீழ எறங்கினா வரிசையா ரொட்டிக் கட," என்றான் என் தம்பி ஹரீஷ். "இந்த ஊருல பொறந்துட்டு ரொட்டி போட ஆன்லைன் கோர்ஸ் எடுத்த ஒரே ஆளு நீதான் லா."

"கடையில நின்னு பாத்தேன்டா. சாப்புட வந்தியா, வேடிக்க பாக்க வந்தியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு ரொட்டி சாப்புட்டு வந்துட்டேன்."

கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. காலைக் கூட்டத்தில் எவனும் கையை மெதுவாக ஆட்டிக் காட்டமாட்டான். சாஜன் மாஸ்டரைப் பாதி வேகத்தில் ஓடவிடலாம். பின்னால் இழுக்கலாம். ஒரே வீச்சை விடியவிடிய வீசச் சொல்லலாம், அவருக்குக் கை வலிக்காது. "மாவோட சண்ட வேண்டா, அது உறங்கட்டே" என்று அதே சிரிப்போடு சொல்லுவார். கைப்பேசியை எனக்கு நேர் எதிரே அலமாரியில் சாய்த்து வைத்து, அவர் கை போகிற பக்கமே என் கையையும் கொண்டுபோவேன். துண்டிலிருந்து மாவுக்கு வந்தேன். முதலில் கிழிந்தது. பிறகு கிழியவில்லை. பிறகு, அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டதிலிருந்து நான் எதையும் இப்படி விடாமல் படித்ததில்லை.

அதே வாரம் என் ஃபேக்டரி சூப்பர்வைசர் நோர்மா கேட்டார்: இனி நிரந்தரமாக நைட்டிலேயே இருக்கச் சம்மதமா? சனிக்கிழமை பகலுக்குள் போனில் சொல்ல வேண்டும். சம்மதித்தால் வெளியே வர முடியாது என்று எனக்குத் தெரியும். அங்கே இருக்கும் அக்காமார்களைப் பார்த்தாலே போதும். பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வருவார்கள். சம்மதிக்கவில்லை என்றால் வேலையே போய்விடலாம்.

சூலியா தெருப் பக்கம் ஷேக் அலாவுதீன் மாமாவின் கடையில் ரொட்டி போடுகிறவர் பட்டர்வர்த்தில் சொந்தக் கடை திறக்கப் போய்விட்டார். 'ரொட்டி இல்லை' என்று ஓர் அட்டை தொங்கியது. வந்தவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். நான் மட்டும் அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

"எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார் மாமா.

"வீடியோவுல."

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ஹைதர் அண்ணன் கப்பைக் கீழே வைத்துவிட்டே சிரித்தார். "மாமா, அடுத்தது ஆட்டுக் கறியும் வீடியோவுலயே வெட்டுவாங்க."

"நீ சும்மா இருடா," என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை. காலியாகக் கிடந்த ரொட்டி மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழம காலையில வா புள்ள. கூட்டம் கலையுற வரைக்கும் போடு. போட்டுட்டா இந்த மேச உன்னுது. இல்லன்னா ரெண்டு பேருக்கும் மனக்கஷ்டம் வேணாம்."

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு. சாயங்காலமே கடைக்குப் போய் மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, மார்ஜரின் தடவி ஊறவைத்தேன். மாமா ஓர் உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தார். கல்லாவுக்குத் திரும்பினார். சரியில்லை என்றால் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை காலையில் அட்டையைக் கழற்றினார்கள். நான் மேசைக்குப் பின்னால் தெருவைப் பார்த்து நின்றேன். எனக்கு வலப்பக்கம் சூடேறிய இரும்புக் கல். இடப்பக்கம் ஹைதர் அண்ணனின் தேநீர்ப் பாய்லர். முன்னால் அஞ்சடியில், அதாவது கடைவாசல் நடைபாதையில், ஆட்கள். ஹரீஷும் அவர்களோடு நின்றான்.

மாவைத் தட்டினேன், இழுத்தேன், வீசினேன். வட்டமாகத்தான் விரிந்தது. ஆனால் விரிந்து முடித்த இடத்தில் ஹைதர் அண்ணனின் முழங்கை இருந்தது.

"என்னம்மா, எனக்குச் சட்ட தைக்கிறியா?" என்று மாவைக் கையிலிருந்து உரித்துக் கொடுத்தார்.

அடுத்ததைக் குறுக்கி வீசினேன். இடப்பக்கம் விழுந்த ரொட்டியைத் தூக்கி என் உடம்புக்குக் குறுக்கே வலப்பக்கக் கல்லுக்குக் கொண்டுபோவதற்குள் அது தொங்கி, மடிந்து, கிழிந்தது. அடுத்ததும் அப்படியே. வலது பக்கமாக வீசிப் பார்த்தேன். கை மறுத்துவிட்டது. பழகாத கை, புதுசாகப் பிறந்தது மாதிரி தடுமாறியது.

"இடது கைக்காரியா நீ?" என்றார் வரிசையில் முதலாவதாக நின்ற பெரியவர். பசியில் இருந்தார்.

"இல்லண்ணே."

"பின்ன ஏன்மா எல்லாம் அந்தப் பக்கம் போகுது?"

"பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் கஷ்டம் லா," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. மாவைப் பார்த்தேன். மாவில் குறை இல்லை. வீச்சிலும் இல்லை. பக்கம்தான் தப்பு. ஏன் தப்பு? சாஜன் மாஸ்டர் வீசினால் எந்தப் பக்கம் போகும்? என் இடப்பக்கம். அவர் கல் எங்கே இருந்தது? அதுவும் என் இடப்பக்கம். என் இடம், அவருக்கு வலம். அவர் என்னைப் பார்த்து நின்றார். நான் அவரைப் பார்த்து நின்றேன். இத்தனை நாளும் ரொட்டி போடுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து நான் படிக்கவேயில்லை. சாப்பிட வந்தவன் நிற்கும் இடத்திலிருந்து படித்திருக்கிறேன்.

அப்படியென்றால் அந்த இடத்துக்கே போய்விட்டால் போதும்.

மாவு உருண்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி அஞ்சடிக்கு ஓடினேன். வரிசை பிளந்து வழிவிட்டது.

"அக்கா, ஓடிப் போறியா?" என்றான் ஹரீஷ்.

"தள்ளுடா."

தெருவுக்கு முதுகைக் காட்டி, கடையைப் பார்த்து, மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். கல் இப்போது என் இடது கையருகே. தட்டினேன். இழுத்தேன். வீசினேன். மாவு தலைக்கு மேல் போய், அதிகாலை வெளிச்சம் அதற்குள் ஊடுருவி, சத்தத்தோடு மேசையில் விழுந்து, மடித்த கையோடு கல்லில் போய் உட்கார்ந்தது. மார்ஜரின் வாசம் வந்தது. அதற்குள் அடுத்தது காற்றில் இருந்தது. அதற்கடுத்தது. கைகள் என்னைக் கேட்கவேயில்லை. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து ஒரு பையன் போனில் படம் பிடித்தான். பெரியவர் முதல் ரொட்டியை நின்றபடியே தின்றார்.

"எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"பேசாத. இன்னொண்ணு போடு."

இரண்டு கைகளாலும் வெந்த ரொட்டிகளை அடித்து நொறுக்கிக் குவித்தேன். வரிசை பக்கத்துக் கடை வாசல்வரை போனது. எவனோ எதிர்ப்பக்கம் போய் மேசைக்குப் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்து ஆர்டர் சொன்னான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர். கடையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடம் மாறிவிட்டன.

"யோவ், என் பாய்லர் பக்கம் எல்லாரும் வராதீங்க," என்று கத்தினார் ஹைதர் அண்ணன். அவருக்கும் கை ஓயவில்லை. ரொட்டி போனால் தேநீரும் போகும்.

அலாவுதீன் மாமா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "நல்லாப் போடுற. ஆனா அஞ்சடியில நிக்க முடியாது. நகராட்சி மஜ்லிஸ்காரன் வந்தா சம்மன் எனக்கு."

"மாமா, கல்லையும் பாய்லரையும் பக்கம் மாத்துனா நான் உள்ளயே நிப்பேன்."

"என்னது?" என்றார் ஹைதர் அண்ணன். "நான் எத்தன வருசமா இந்தப் பக்கம் நிக்கிறேன், தெரியுமா? வீடியோவுல படிச்ச புள்ளைக்காக நான் எடம் மாறணுமா?"

"மாறுனா என்ன, காத்து வரும்," என்றார் மாமா.

"அங்க வெயில் மாமா."

"அப்ப தொப்பி போட்டுக்க." மாமா என் பக்கம் திரும்பினார். "கேஸ் அடுப்பு வேல பாக்குறவன வரச் சொல்றேன். நாளைக்கு மாத்திடலாம். இன்னைக்கு மட்டும் அங்கயே நின்னு முடி."

அந்த நேரம் பார்த்து நோர்மா கூப்பிட்டார். என் கை முழுக்க மார்ஜரின். ஹரீஷ் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான். நிரந்தர நைட் என்ன ஆயிற்று என்று அவர் மலாயில் கேட்டார். வரவில்லை என்றேன். ஏன் என்றார். ரொட்டிக் கடையில் வேலையில் இருக்கிறேன் என்றேன். எந்தக் கடை என்று கேட்டார்.

ஹரீஷ் போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "ரெண்டு தெலூர், ஒண்ணு கோசோங்."

கோசோங் வெறும் ரொட்டி. தெலூர் முட்டை ரொட்டி. முட்டைப் பாடத்தை நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஹைதர் அண்ணே, முட்டைய எப்ப உடைக்கணும்?"

"அட அல்லாவே," என்றார் அவர். "கல்லுல மாவப் போட்டதும் நடுவுல உடைச்சு ஊத்தி, நாலு பக்கமும் மூடு. சீக்கிரம்."

முதல் முட்டை ரொட்டி மூலையில் வாயைத் திறந்து மஞ்சளைக் கல்லில் கொட்டியது. அந்தப் பெண் பரவாயில்லை, அதையே கொடு என்றாள். நான் கொடுக்கவில்லை. இன்னோர் உருண்டையை எடுத்தேன்.