பல் மருத்துவமனைச் சுவரில் ஒரு மஞ்சள்

வீட்டில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. அவளும் ஓர் இடத்தில் நின்றபாடில்லை. தொழில் ஓவியம். மற்றவர்கள் வண்ணம் பூசுவதோடு முடித்துக்கொள்வார்கள். அவளுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பம். பலகையில் முப்பது பூச்சு பூசிக் காயவைத்து, தச்சர்கள் மரத்தை வழவழப்பாக்கும் தேய்ப்பு மெஷினை அதன் மேல் ஓட்டுவாள். அடியில் புதைந்த நிறங்கள் திட்டுத்திட்டாக எழுந்து வரும். ஆள் உருவமும் இல்லை, மரம் செடியும் இல்லை, வெறும் நிறம். கண்காட்சிக் குழுவினர் பார்த்துவிட்டு, "இது ஓவியமில்லம்மா, ஆசாரி வேலை. பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த மெஷினெல்லாம்?" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு பல் டாக்டரம்மா மட்டும் ஒன்றை வாங்கிப் போய், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டினார். பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு வாரம்தான். பலகையின் வலது ஓரத்தில், மெஷின் கைநழுவி ஆழமாக இறங்கிய இடத்தில், ஒரு மஞ்சள் திட்டு வெளியே வந்திருந்தது. விற்கும்போது பெரிதாகத் தெரியாதது இப்போது சோறு இறங்கவிடாமல் செய்தது.

"வித்த பொருள்டி. இனிமே அது அவங்களோடது," என்றாள் அக்கா.

"தப்பு என்னோடதுதானே?"

இருப்புக்கொள்ளாமல், பல்வலி என்று பொய் சொல்லி முன்பதிவு செய்தாள். கைப்பையில் உப்புத்தாளோடு போய் உட்கார்ந்தாள். கூடத்தில் வேறு யாருமில்லை. வரவேற்பு மேஜைப் பெண் போனை எடுக்கத் திரும்பியதும் எழுந்து போனாள். உப்புத்தாள் பலகையில் படுவதற்குள் பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"என்ன பண்றீங்க?"

திருதிருவென்று விழித்தாள். இனி மறைத்துப் பயனில்லை. "இதை வரைஞ்சது நான்தாங்க. இந்த மஞ்சள் தப்பா வந்துருச்சு. ரெண்டே நிமிஷம், தேச்சு எடுத்துடறேன்."

அந்தப் பெண் எழுந்து வந்தாள். "இதையா? தினம் எட்டு மணி நேரம் நான் இதுக்கு எதிர்லதான் உக்காந்திருக்கேன். மத்ததெல்லாம் யோசிச்சு யோசிச்சு செஞ்ச மாதிரி இருக்கு. இது ஒண்ணுதான் தானா வந்த மாதிரி இருக்கு."

"தானாத்தான் வந்தது. அதான் எனக்குப் பிடிக்கல."

"எனக்கு அதான் பிடிச்சிருக்கு. கை வெச்சீங்கன்னா டாக்டரம்மாகிட்ட சொல்லிருவேன்."

பம்பரத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு இரண்டடி தள்ளிப் போய், வேறு யாரோ செய்ததைப் பார்ப்பதுபோல அந்த மஞ்சளைப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தன் கை எங்கே போகிறது என்று காவல் காத்தே வேலை செய்திருக்கிறாள். காவலுக்குத் தப்பிய இந்த விரற்கடை இடத்தை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். வலியே இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு வாயைத் திறந்தாள். "கடவாய்ப்பல் உள்ளுக்குள்ள முழுக்கச் சொத்தை. இத்தனை நாள் எப்படித் தெரியாம இருந்தீங்க?" என்று கேட்ட டாக்டரம்மா, மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்கியே விட்டார்.

பாதி முகம் மரத்துப்போய் வீடு திரும்பினாள். வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள்.

"சரி பண்ணிட்டியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப விட்டுத்தொலை. இனிமேலாவது நிம்மதியா இருப்பியா?"

அதற்கும் இல்லையென்று தலையாட்டிவிட்டு, கன்னத்தில் அடக்கிய பஞ்சோடு, புதுப் பலகை வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.