கைப்பற்றியவை: சாவிகள் நாற்பத்திரண்டு

"கட்சிக்காரங்க வரணும், இல்லன்னா அவங்க வக்கீல் வரணும். வேற யாருக்கும் ஃபைல் காட்டுற வழக்கம் இல்லம்மா" என்றார் குமாஸ்தா. நீதிமன்றப் பதிவறையின் நாலாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால், கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்துவிட்டது என்பதுபோல் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மைப்பெட்டியில் குத்தினார்.

சாவியக்கா நகரவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதற்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட ஏதோ ஒன்றின் ஓரம் துருத்திக்கொண்டு தெரிந்தது. காலண்டரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த அறிவிப்பை வரிசை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"'தீர்ப்பாகி முடிந்த குற்ற வழக்குகளின் கோப்புகளை வேலை நாட்களில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை பொதுமக்கள் எவரும் பார்வையிடலாம். காரணம் கூறத் தேவையில்லை.' இத யாரு சார் மாட்டுனது? நானா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குமாஸ்தா எழுந்து நின்று, தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அந்த அறிவிப்பை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"இத்தன வருஷத்துல அத யாரும் படிச்சதில்லம்மா" என்று மென்று முழுங்கினார்.

"மேல காலண்டர மாட்டிட்டா எப்படி சார் படிப்பாங்க?"

ஒரு படிவம் வெளியே வந்தது. வழக்கு எண், ஆண்டு என்று இரண்டே கட்டங்கள். சாவியக்கா யோசிக்காமல் எழுதினாள். முந்நூற்றுப் பதினேழு. எந்தப் பூட்டுக்கு எத்தனை வெட்டு, எந்த வெட்டு எவ்வளவு ஆழம் என்று தலைக்குள் ஆயிரம் எண்களை வைத்திருப்பவளுக்கு, தன்னை நாற்பத்தைந்து நாள் உள்ளே வைத்த எண் மறந்துவிடுமா என்ன?

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. அறுபத்து நான்கு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஒரு கடை. எட்டடிக்கு ஆறடி. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். ஒன்பது வருடங்களாக அந்த அறுபத்து நான்கு வீட்டுப் பூட்டும் அவள் கையை அறியும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத் தலையோடு ஓடி வந்தவர்கள், மகனுக்குத் தெரியாமல் பீரோவுக்குப் பூட்டு மாற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் அவளுக்குத் தெரியும். ஒருவர் வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. வாயைப் பூட்டி வைக்காதவள் பூட்டுக்கடை வைக்கக்கூடாது என்பது அவள் கட்சி.

அன்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கடை வாசலில் வந்து நின்று, செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே தன் செல்போனை நீட்டினார். காவல்துறையின் இணையப் பக்கம். பழைய வழக்குகளின் பட்டியல். அவள் பெயர், வயது, ஏதோ ஒரு சட்டப் பிரிவின் எண், பக்கத்தில் கடைசிக் கட்டத்தில் 'கைப்பற்றியவை: சாவிகள் 42, சுத்தியல் 1'.

"நான் நம்பலக்கா. ஆனா குரூப்ல யாரோ போட்டுட்டாங்க. நாப்பத்திரண்டு சாவின்னா நாப்பத்திரண்டு வீடுன்னு பேசிக்கிறாங்க. சுத்தியல் வேற."

"திருட்டுக் கேசு இல்ல சார் அது."

"அப்ப என்ன கேசு?"

அடித்த கேஸ் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். வாயால் சொன்னால் ஆகாதாம், காகிதம் வேண்டுமாம், வரும் ஞாயிறு பொதுக்கூட்டமாம், அதற்குள் கொண்டு வந்தால் பார்க்கலாமாம். இல்லையென்றால் கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்மானம். ஒன்பது வருடப் பழக்கம் ஒன்பது நிமிடத்தில் பல்லிளித்துவிட்டது. திங்கட்கிழமை யாரும் அவளிடம் ஒரு சாவிகூட வெட்டக் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடிக்காரர் வெளியிலிருந்து வேறொரு ஆளைக் கூட்டிவந்து, அவள் கண்ணெதிரே படியேற்றிப் போனார். வந்தவன் இரண்டு மணி நேரம் தட்டிவிட்டுக் கடைசியில் அவளிடமே வந்து சின்ன ரம்பம் இரவல் கேட்டான். கொடுத்தாள். தொழில் வேறு, கோபம் வேறு.

அவள் வீட்டுக்காரர் பேருந்து டெப்போவில் டைம் கீப்பர். எதுவும் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். "விடேன், வேற எடம் பாத்துக்கலாம். கிளறக் கிளற நாறும்" என்றார்.

"நாறட்டும். நான் செஞ்சதுக்கு என்னத் திட்டட்டும், காதக் காட்டுறேன். செய்யாததுக்கு ஏன் நான் எடத்தக் காலி பண்ணணும்?"

அப்படித்தான் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நாலாம் நம்பர் ஜன்னலுக்கு வந்தாள். கட்சிக்காரி நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலண்டர் வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. செல்போனில் ஒரு வரியைப் படித்துவிட்டுத் தீர்மானம் போடுகிறவர்கள், அந்த அறுபத்து நான்கு வீட்டில் ஒருவர், நினைத்திருந்தால் இங்கே வந்து முழுதையும் பார்த்திருக்க முடியுமா முடியாதா? அதைத் தெரிந்துகொள்ளும் வீம்பு அவளுக்கு.

முக்கால் மணி நேரம் கழித்துக் கோப்பு வந்தது. அவள் நினைத்ததைவிட மெலிதாக இருந்தது. பார்வையாளர் கையில் கோப்பைத் தரக்கூடாதாம், குமாஸ்தாதான் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டுமாம். அதனால் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் உள்ளங்கையால் தூசியைத் தட்டித் தும்மினார். சும்மா திருப்பிக்கொண்டு போகத்தான் நினைத்திருப்பார். இரண்டாம் பக்கத்தில் கண் மாட்டிக்கொண்டது.

"ஒருத்தன் இந்தப் பூட்டுக்கார அம்மாவப் பூட்டுத் தொறக்கக் கூட்டிட்டுப் போயிருக்கான். வீட்டுக்குள்ள ஒரு ரூமு. உள்ள பொண்டாட்டி பூட்டிக்கிட்டு இருந்திருக்கா. இந்தம்மா சாவித் துவாரத்துல கம்பிய விட்டிருக்கு. உள்ளருந்து 'தொறக்காதீங்கக்கா'ன்னு சத்தம் வந்துச்சாம். இந்தம்மா கம்பிய எடுத்துப் பையில போட்டுட்டுக் கெளம்பிடுச்சு." ஒரு பக்கம் திருப்பினார். "அவன் சாவிக்கொத்தப் புடுங்கியிருக்கான், தானே தொறந்துக்கறேன்னு. அடேங்கப்பா. சுத்தியலாலயே போட்டிருக்கு. மணிக்கட்டுல. ரெண்டு எலும்பு."

"மூணுன்னு நெனச்சேன்" என்றாள் சாவியக்கா.

அவர் காதில் விழவில்லை. அவர் படிப்பில் இருந்தார். "அடிச்சியான்னு நீதிபதி கேட்டிருக்கார். 'அடிச்சேன். அந்தக் கதவத் தொறக்க முடியாதுன்னு சொன்னேன், அவன் கேக்கல, அடிச்சேன்.' அவ்வளவுதான் பதில். வக்கீல் தலையில அடிச்சிக்கிட்டிருப்பான்."

அந்த நாற்பத்திரண்டு சாவியும் அவளுடைய கொத்து. வெட்டாத சாவிகள். எந்த வீட்டையும் திறக்காதவை. அவன் கையில் சிக்கியிருந்த கொத்தைப் போலீஸ் எண்ணிக் கைப்பற்றியது. எண்ணியவன் எண்ணிக்கையை எழுதினான், வெட்டாதது என்று எழுதத் தோன்றவில்லை. அந்த ஒரு வார்த்தை இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஆனால் அவள் காத்திருந்தது அடுத்த பக்கத்துக்கு. சாட்சி இரண்டு. அந்த மனைவி. கோப்பில் அவளுக்குப் பெயர் இல்லை, எண்தான். கூண்டில் ஏறி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, 'நான் உள்ளிருந்து எதுவும் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்' என்று சொன்னவள். நாற்பத்தைந்து நாள் உள்ளே இருந்ததுகூட சாவியக்காவுக்கு வலிக்கவில்லை, அந்தத் 'தூங்கிக்கொண்டிருந்தேன்'தான் பதினோரு வருடமாக உறுத்தியது. சில நாட்களில் அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். நிஜமாகவே அந்தக் குரல் கேட்டதா? நானாகத்தான் நினைத்துக்கொண்டேனா?

"பாத்துட்டீங்கன்னா உள்ளட்டையில கையெழுத்துப் போடணும். யார் பாத்தாலும் பேரு எழுதணும், அது சட்டம்" என்று குமாஸ்தா கடைசி அட்டையைத் திருப்பினார். அதில் கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. "பரவாயில்லயே, உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க வந்திருக்காங்க. எட்டு வருஷம் முன்னாடி. நகல் வாங்கியிருக்காங்க. நகலுக்குன்னா மட்டும் காரணம் எழுதணும். சாட்சிங்க மட்டும் பேருக்குப் பதிலா நம்பர் போட்டாப் போதும்."

சாவியக்கா குனிந்து படித்தாள். 'சாட்சி எண் 2. நகல்: பக்கம் ஒன்பது முதல் பதினொன்று வரை. காரணம்: மணவிலக்கு மனு.'

"ஒம்பதுலருந்து பதினொன்னு வரைக்கும் என்ன சார் இருக்கு?"

அவர் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பூட்டுக்கார அம்மாவோட வாக்குமூலம். உள்ளருந்து கேட்ட சத்தம், எல்லாம் அதுலதான்."

சாவியக்காவுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவள் எதுவும் செய்யவில்லை. அப்படியானால் கேட்டது நிஜம். அந்தப் பெண் வந்திருக்கிறாள். இதே பெஞ்சில் உட்கார்ந்து, அன்று வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். யாரோ ஒரு நீதிபதி முன்னால் அதை நீட்டி, இதோ அன்று ஒருத்தி கேட்டாள், நான் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறாள். வெளியே வந்துவிட்டாள், கெட்டிக்காரி!

மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த வரிக்குக் கீழே தன் முழுப்பெயரை எழுதினாள். குமாஸ்தா பெயரைப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பெயரைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நான்தான். ரெண்டு எலும்புதானா சார், நல்லாப் பாத்தீங்களா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். மரியாதையா பயமா என்று சொல்ல முடியாத நிற்பு. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நகல் வேணுமா? நாளைக்கே போட்டுத் தரேன்."

"தீர்ப்பு மட்டும் கெடைக்குமா?"

"கெடைக்கும். ஆனா தீர்ப்புலயே எல்லாம் வந்துடுதே. அந்தப் பொண்ணு முதுகுல இருந்த சூட்டுத் தழும்பு, டாக்டர் சொன்னது, எல்லாத்தையும் நீதிபதி விவரமா எழுதியிருக்கார்."

சாவியக்கா திறந்திருந்த கோப்பைத் தானே மூடினாள். பிறகு, "வேணாம் சார்" என்றாள். போகும்போது காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கையில கெடச்ச காயிதத்த வேணாம்னுட்டு வந்தியா? அத அந்தச் செயலாளர் மூஞ்சில வீசிட்டு வந்தா முடிஞ்சுது கத!"

"அத நோட்டீஸ் போர்டுல குத்தி வைப்பாங்க. போறவன் வர்றவன்லாம் பல்லுக் குத்திக்கிட்டே படிப்பான். அவ முதுகு எப்படி இருந்துச்சுன்னு லிஃப்ட்டுக்கு நிக்கிறவன் எதுக்குப் படிக்கணும்? அன்னிக்கு அந்தக் கதவத் தொறக்க மாட்டேன்னுதான அடிச்சேன். இன்னிக்கு என் கடைக்காக நானே தொறந்து காட்டவா?"

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப ஞாயித்துக்கெழம என்ன பண்ணப்போற?" என்றார்.

ஞாயிறு காலை அவள் ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். கடைப் பலகையில் 'சாவி வெட்டப்படும்' என்பதற்கும் கைப்பேசி எண்ணுக்கும் கீழே நிறைய இடம் இருந்தது. சிவப்புப் பெயிண்ட். தூரிகை பிடித்துப் பழக்கமில்லாததால் எழுத்துகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி நின்றன. 'என் மேல் உள்ள வழக்கு' என்று எழுதினாள். எண் 317, ஆண்டு, நீதிமன்றப் பதிவறை, நாலாம் நம்பர் ஜன்னல். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே போய், தன் பெயரை எழுதிவிட்டுப் பார்ப்பவன் பல்லுக் குத்திக்கொண்டு படிக்க மாட்டான் என்பது அவள் கணக்கு.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அண்ணாந்து படித்தார். நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர்.

"நேரம் போடல."

"என்னது?"

"பத்துலருந்து ஒன்னு வரைக்கும்னு போடு. இல்லன்னா சாயங்காலம் போய் நின்னுட்டுப் பூட்டியிருக்குன்னு வந்து சொல்லுவானுங்க."

அவள் சிரித்துவிட்டாள். நேரத்தையும் எழுதினாள்.

செயலாளர் கூட்டத்துக்குப் போகும் வழியில் இறங்கி வந்தார், கையில் வருகைப் பதிவேடு. பலகையை ஒருமுறை படித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்னக்கா இது? காயிதம் எங்க?"

"காயிதம் அங்கதான் சார் இருக்கு. நீங்க போய்ப் பாக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேணாம். உள்ளட்டையில உங்க பேர மட்டும் எழுதணும்."

"எம் பேரையா?" அவர் குரல் ஏறியது. "அந்த மாதிரி ஃபைல்ல நான் எதுக்கு எம் பேர எழுதணும்?"

"ஏன் சார், என் பேர நீங்க குரூப்ல எழுதல?"

"நான் எழுதல, யாரோ..."

"அந்த யாரோவையும் போகச் சொல்லுங்க. பாத்துட்டு வந்து, மூஞ்சிக்கு நேரா நின்னு, நீ ஒருத்தன அடிச்சவ, எங்களுக்கு வேணாம்னு சொல்லட்டும். கடையக் காலி பண்ணிட்டுப் போறேன். பாக்காம சொன்னா ஒரு ஆணியக்கூடப் புடுங்க மாட்டேன்."

"அடிச்சீங்களா? யார?"

"பத்துலருந்து ஒன்னு வரைக்கும் சார்."

மேலே கூட்ட அறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. இது நிஜமாக எழுதியதுதானா, துடைத்தால் போய்விடுமா என்று பார்ப்பவர்போல விரலை நீட்டி, முந்நூற்றுப் பதினேழின் ஏழை லேசாகத் தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

சாவியக்கா துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினாள். அவளுக்கு முன்னால் செயலாளர் படியேறிக்கொண்டிருந்தார். பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சிவந்த விரலைச் சட்டையில் படாமல் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி, கைப்பிடியைத் தொடாமல், ஒவ்வொரு படியாக ஏறினார்.