முகமூடி கழன்ற பக்கம்

பர்மாவில், பசுந்தாங் என்ற இடத்தில் ஓர் அச்சகத்தில் படக்கதைகளுக்கு வண்ணம் சரிசெய்வது பவானியின் வேலை. இம்முறை பர்மிய மொழியில் வரவிருந்தது ஒரு கறுப்பின அமெரிக்க வீரனின் கதை.

கறுப்பு முகம் விற்காது என்று அமெரிக்கப் பதிப்பாளர் முதலில் அவனுக்கு முழு முகமூடி போட்டுவிட்டாராம். வரைந்தவர் சண்டை போட்டு, ஐந்தாம் இதழில்தான் அதைக் கழற்றினாராம். முன்னுரையில் படித்ததை பவானி சொன்னதும், மகள் சுகந்தி முகமூடி கழன்ற பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். கறுப்பி என்ற கேலிக்குப் பயந்து, கட்டையைத் தேய்த்து எடுக்கும் வெளிர்மஞ்சள் தனக்காச் சாந்தைக் கன்னம் முழுக்க அப்பிக்கொண்டு பள்ளிக்குப் போனவள், மறுநாளிலிருந்து வெறும் முகத்தோடு போனாள்.

"வீரன் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிடு, மா பவானி," என்றார் முதலாளி ஊ சோவின். "கடைக்காரங்க எடுக்க மாட்டேங்கறாங்க."

"கதையே அதுதானே, சயா."

"கதையை யாரு படிக்கிறா? உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆள் செய்வான்."

இந்த வேலையும் போனால் வேறு வேலை கிடைக்காது. பவானி மவுஸை நகர்த்தினாள். அந்த முகம் சத்தமில்லாமல் வெளுத்தது.

புத்தகம் வெளிவந்த அன்றே சுகந்தி அதை வாங்கி வந்து, சுவரில் இருந்த பக்கத்தோடு வைத்துப் பார்த்தாள்.

"இவருக்கும் தனக்கா பூசிட்டாங்களாம்மா?"

பவானி புத்தகத்தை வாங்கி மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் சுகந்தி மறுபடியும் தனக்காக் கட்டையைக் கல்லில் தேய்க்கும் சத்தம் கேட்டது. சமையலறையில் நின்றபடி பவானி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.