மாமா ஓட்டிய எதிரி விமானம்

1

இந்தக் கதையை நானாகத் தொடங்கவில்லை. அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்ததில் தொடங்கியது.

அத்தையின் கணவர், என் மாமா, சினிமாவுக்காகப் பழைய போர் விமானங்களை ஓட்டியவர். ஒரு படப்பிடிப்பில் விமானம் விழுந்து இறந்துபோனார். அந்த விபத்தையே படத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. அதனால் அத்தை இதுவரை அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

"நீ முதல்ல பாத்துட்டுச் சொல்லுடா. அவர் சாகறது அதுல இருந்தா எனக்கு வேண்டாம். இல்லன்னா அந்த முகத்த ஒரு தடவ பாத்துக்கறேன். எங்கிட்ட போட்டோதான் இருக்கு, அது அசையாதே."

2

'தெளிந்த வானத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று...'

என்று எழுதி அடித்துவிட்டேன். இரண்டு ஏது? பறக்கிற நிலையில் இருந்தது ஒன்றுதான்.*

(* அந்த ஒன்றுக்கே காலையில் நம் படையின் சாயம், மத்தியானம் எதிரியின் சாயம். இரண்டையும் ஓட்டியவர் மாமா. ஆகவே அவர் தன்னையே துரத்தி, தன்னையே சுட்டு... இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது?)

3

படத்தில் அவர் முகம் ஒரே இடத்தில்தான் வருகிறது. எதிரி விமானத்துக்குள் இருக்கிறார். கண் அகன்று, வாய் திறந்திருக்கிறது. அடுத்து புகை, விமானம் விழுகிறது.

விழுவது பொம்மையாக இருக்கலாம். பயம் நடிப்பாக இருக்கலாம். [மாமா நன்றாக நடிப்பாரா? 'நடிப்பார்' என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.] அந்த இடத்தையே ஓட்டி ஓட்டிப் பார்த்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

அந்தப் பயம் நிஜமா என்று பார்த்ததும் சொல்லிவிடக் கூடியவள் ஒருத்திதான், அவரோடு வாழ்ந்தவள். அவள் பார்க்கலாமா என்பதுதான் கேள்வியே.

4

முடிவு ஒன்று: 'இல்லை' என்கிறேன். அத்தை பார்க்கிறாள். பார்த்ததும் அவளுக்குத்...

முடிவு இரண்டு: 'இருக்கு' என்கிறேன். அது வெறும் நடிப்பாகவே இருந்து, அந்த முகத்தைக் கடைசிவரை பார்க்காமலே அவள்...

இரண்டையும் எழுதக் கை வரவில்லை.

5

அத்தை தலைவாரி, நல்ல புடவை உடுத்தி, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னடா மென்னு முழுங்கற? இருக்கா, இல்லயா?"

வாசகரே, அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லிவிடுங்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். என்னால் அதுதான் முடியவில்லை.