இரண்டாம் பக்கம், பதினோராவது நிமிடம்

ஹெட்ஃபோன் பட்டை அப்பாவின் தலைமுடியில் போட்டிருந்த பள்ளத்தை அம்மா ஈரச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். வாரினால் படிந்தது. சீப்பை எடுத்ததும் மறுபடி பள்ளமானது.

"விடும்மா," என்றாள் மகள்.

"வர்றவங்க பாப்பாங்க."

"பாக்கட்டும்."

அம்மா விடவில்லை. சீப்பைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து மீண்டும் வாரினாள்.

காலை ஒன்பதே காலுக்கு முதலில் பார்த்தது அம்மாதான். முன்னறை நாற்காலியில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தவரிடம், துண்டை எங்கே போட்டீர்கள் என்று கேட்கத் தோளைத் தொட்டிருக்கிறாள். இப்போது பகல் இரண்டரை. டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவைப் படுக்கையறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு வண்டி வரும்.

டாக்டர் வந்ததும் கேட்டது, "கடைசியா உயிரோட பாத்தது யாரு?"

"நான்தான்," என்றாள் மகள். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தப்போ. ஏழே முக்கால் இருக்கும்."

"பேசினாரா?"

"இல்ல. கை காட்டினாரு."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. மாரடைப்பு, ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் நடந்திருக்கும் என்றார். வாசல்வரை கூடவே போன அவள், அவர் ஷூவுக்குள் காலை நுழைக்கும்போது கேட்டாள்.

"அப்பவே தூக்கிட்டு வந்திருந்தா?"

"அது சொல்ல முடியாதும்மா. சில பேர் பொழைச்சிருக்காங்க." அவர் குனிந்து கயிற்றைக் கட்டினார்.

அந்த வீட்டில் கை காட்டுவது என்றால் ஒரே அர்த்தம்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை போக மீதி நேரமெல்லாம் அவருக்கு ஒரே காரியம்: யாரும் சீந்தாத பழைய இசைத்தட்டுகளில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தது யார் என்று கண்டுபிடிப்பது. மேஜை மாதிரி கால் வைத்த வாத்தியம் அது. கம்பிகள் படுத்திருக்கும். மேலே இரும்புத் துண்டு வழுக்கும், கீழே கால் பெடலை மிதிக்கும், முழங்கால் நெம்புகோலைத் தள்ளும். தட்டின் உறையில் பாடியவன் பெயர் இருக்கும், பல்லைக் காட்டும் படமும் இருக்கும். ஸ்டீல் வாசித்தவனுக்கு ஒன்றும் இருக்காது. அவன் விட்டுப்போன தடயத்தை வைத்துத்தான் அவனைப் பிடிக்க வேண்டும். ஒருவனுடைய பெடல் எண்ணெய் காணாமல் கீச்சிடும். ஒருவன் இரும்பைத் தூக்குமுன் மூக்கால் மூச்சு விடுவான். எந்த மாடியில் கயிறு உரசுகிறது என்று தரைத்தளத்தில் நின்றே சொல்லிவிடும் காது அப்பாவுக்கு.

அவர் கேட்டுக்கொண்டிருக்கையில் கதவு திறந்து முகத்தில் வெளிச்சம் விழுந்தால், கண்ணைத் திறக்காமலே இடது உள்ளங்கையை உயர்த்துவார். பொறு, பேசாதே. வந்தவர் பின்வாங்கிப் போக வேண்டும். கதவையும் முழுதாகச் சாத்தக் கூடாது, அந்த அதிர்வில் ஊசி தாவும். ஒரு விரற்கடை திறந்தே விட வேண்டும். அம்மாவுக்கு இதில் முப்பது வருடப் பயிற்சி. மகளோ பேச்சு வருமுன்னே கற்றுக்கொண்டவள்.

இன்று காலையும் உள்ளங்கை உயர்ந்திருந்தது. அவள் பின்வாங்கினாள். விரற்கடை விட்டாள். பல் தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். நன்றாகவே தூங்கினாள்.

விரல்கள் ஒட்டியிருந்தனவா, விரிந்திருந்தனவா? யோசித்தாள். எப்படி நினைத்தாலும் அப்படியே தெரிந்தது.

அத்தை வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அப்பாவின் அக்கா. அழுது முடித்து மூக்கைத் துடைத்ததும் பழைய குரல் வந்துவிட்டது.

"பாட்டு கேட்டுக்கிட்டே போயிட்டான். ஒரு வலி இல்ல, ஒரு வேதனை இல்ல. எத்தனை பேருக்கு இப்படிக் கிடைக்கும்?"

"ஆமாண்ணி," என்றாள் அம்மா. "கடைசியா பாப்பா பாத்திருக்கா. எப்பவும் போல கை காட்டினாராம்."

"நான் கூப்பிட்டாலும் கைதான் காட்டுவான். ஒரு தடவ அந்தக் கையிலயே காபி டம்ளரைத் திணிச்சேன். அப்படியே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், கடங்காரன்."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். மகள் எழுந்து வெளியே போனாள்.

வாசலில் பல்லு மாமா நின்றிருந்தார். பல்செட் கட்டுகிறவர். அப்பாவுக்கு இந்தக் கிறுக்கில் ஒரே கூட்டாளி. சட்டைக் கையில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நேத்து சாயங்காலம் ஃபோன்ல சண்டை போட்டோம்," என்றார். "போடா செவிடான்னேன். அதான் கடைசி."

"எதுக்கு மாமா?"

"குதிகாலனுக்குத்தான்."

அவளுக்குத் தெரியும். பெடலை மிதிக்குமுன் குதிகாலைத் தரையில் ஒருமுறை தட்டுகிற ஒருவன். பதினொரு தட்டுகளில் அவனைப் பிடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அப்பா குறிப்பெழுதும் அட்டையில் பெயருக்கான கட்டம் காலியாகவே இருந்தது.

"புதுசா ஒரு தட்டு வந்துச்சு. ரெண்டாம் பக்கம், நாலாவது பாட்டு. குதிகாலன் இருக்கான்னு இவன், இல்லன்னு நான். காலைல காது தெளிவா இருக்கும், கேட்டுட்டு உன்னை வெச்சுக்கிறேன்னான்."

அவள் சுவரைப் பார்த்தாள். "மாமா, அப்பா எப்பல்லாம் கை காட்டுவாரு?"

"இது என்ன கேள்வி? ஸ்டீல் வர்றப்போ."

"பாடிக்கிட்டிருந்தா?"

"பாடறப்போ எதுக்குக் காட்டப் போறான்? பாடகனுக்கு அவன் என்னைக்கு மரியாதை குடுத்தான்? அவனுங்க பாட ஆரம்பிச்சா ஒரு காதை விலக்கிட்டு என்கிட்ட ஊர்வம்பு பேசுவான்." சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. உள்ள போய்ப் பாருங்க. அம்மா தலை வாரிவிட்டிருக்காங்க."

முன்னறையில் எல்லாம் அப்படியே இருந்தது. டாக்டர் வந்தபோதும் தட்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஊசி கடைசி வளையத்தில். அவள்தான் ஊசியைத் தூக்கி வைத்தாள். நாற்காலியின் கைப்பிடியில் அட்டை கிடந்தது. நாற்பது நிமிடத்துக்கு மேல் கேட்டால் காது பொய் சொல்லும் என்பது அப்பாவின் கணக்கு. அதனால் ஊசி வைக்கும் ஒவ்வொரு முறையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துவிடுவார். பென்சிலில் கடைசி வரி: பக்கம் 2, 7.31.

அவள் கைபேசியை எடுத்தாள். பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் பெண்கள் வீடு சேர்ந்ததும் மேலாளருக்குச் செய்தி அனுப்பியாக வேண்டும். இன்று காலை இந்தக் கதவுக்கு வெளியே நின்று அனுப்பினாள், அனுப்பியதும் கதவைத் திறந்தாள். செய்தியில் நேரம் 7.42. சுவர்க் கடிகாரத்தையும் கைபேசியையும் ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றேதான் காட்டின.

பதினோரு நிமிடம்.

அந்த நிமிடத்தில் ஸ்டீல் ஒலித்தால் அப்பா பொறு என்றிருக்கிறார். அவள் சொன்னபடி கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஒலிக்காவிட்டால்?

நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினாள். காதுறை சில்லென்றிருந்தது. ஊசியை வைத்துவிட்டுக் கைபேசியில் நேரத்தை ஓடவிட்டாள்.

முதல் பாட்டில் ஸ்டீல் நிறைய வந்தது. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவது முழுக்கப் பாடகன்தான், யாரோ விட்டுப் போனதைப் பற்றி. நாலாவது ஒன்பதே முக்காலில் தொடங்கியது. பத்து. பத்தரை. பாடகன் பாடினான். பின்னால் ஒரு டிரம், சோம்பலாக. பதினொன்று. பாடகன் பாடினான். பதினொன்றரை. ஒரு கம்பிகூட அசையவில்லை. பன்னிரண்டு தாண்டியும் அவன் நிறுத்தவில்லை.

அவளுக்கு வியர்த்தது. கைப்பிடியில் அப்பாவின் முழங்கை பட்டு வார்னிஷ் போன இடத்தில் அவள் முழங்கை இருந்தது.

பதிமூன்றாவது நிமிடத்தில் பாடகன் ஓய்ந்தான். தரையில் ஒரு தட்டல் கேட்டது. டக். அதன் பிறகு ஸ்டீல் ஏறியது. அப்பா சொன்னதுதான் சரி. குதிகாலன் இருந்தான்.

முகத்தில் வெளிச்சம் விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு அம்மா நின்றாள். வண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. உதடுகள் அசைந்தன, சொல் கேட்கவில்லை. மகள் அவளைக் கூப்பிட வாய் திறந்தாள். குரல் எழவில்லை. கையைத் தூக்கினாள்.

அம்மாவின் உதடுகள் நின்றன. ஹெட்ஃபோனைப் பார்த்தாள், சுற்றும் தட்டைப் பார்த்தாள், உயர்ந்திருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, நுனிக்காலில் பின்வாங்கி, கதவை இழுத்தாள். ஒரு விரற்கடை திறந்தே விட்டாள்.